சுவருக்கு இந்தப் பக்கம்

இருபத்தொன்பது மணி நேரம் என்று டாக்டர் கணக்குப் போட்டிருந்தார். மூன்று மணி நேரம் முன்பின் இருக்கலாம். திங்கட்கிழமை காலை ஆறு மணியை ஒட்டிப் பக்கத்து வீட்டுக் குசகாபே விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிவாக்கில் உயிர் போயிருக்கிறது. அந்த இரண்டு நாளும் கியோட்டோவில் வெயில் முப்பத்தெட்டு டிகிரி. உள்ளறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தபோதும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கணக்கைத் தோகியேவிடம் சொன்னவள் குசகாபேயின் மகள் சிகூசா. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தோகியே வீட்டு முன்நடையில், மேடைத் தரையின் விளிம்பில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குளிர்ந்த பார்லித் தேநீர் இருந்தது. சிகூசா அதைத் தொடவில்லை.

"படுக்கையை மடிச்சு வச்சிருந்தார். திங்கட்கிழமை பேப்பரை எடுக்கலை. அதை வச்சுத்தான் ஆறு மணின்னு சொல்றாங்க. அப்பா அஞ்சே முக்காலுக்கு எழுந்துப்பார், ஆறு மணிக்குப் பேப்பர் எடுப்பார்."

"ஆமா" என்றாள் தோகியே. முப்பத்தொன்பது வருடமாக அந்தப் பேப்பர் எடுக்கும் சத்தம் அவளுக்கும் தெரியும்.

சிகூசாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தோகியே இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் பள்ளிச் சீருடையில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த பெண். அன்றிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இருபத்திரண்டு வயதில் நிகாட்டாவுக்குப் போனவள் அங்கேயே துறைமுக அலுவலகத்தில் வேலை, கல்யாணம் என்று தங்கிவிட்டாள். வருடத்துக்கு இரண்டு முறை வருவாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தகப்பனாருக்குப் போன் செய்வாள்.

"ஒண்ணே ஒண்ணு நினைச்சாத்தான் மனசு கொஞ்சம் ஆறுது அக்கா" என்றாள். "போன வருஷம் அப்பாவுக்கு அந்தப் பட்டன் வாங்கித் தர்றேன்னேன். கழுத்துல மாட்டிக்கிறது. அமுக்கினா ஆள் வரும், வார்டு ஆபீஸ்ல குடுக்கிறாங்க இல்ல. 'நான் என்ன பசு மாடா, கழுத்துல மணி கட்டிக்க'ன்னார்."

"சொல்லியிருப்பார்."

"ரெண்டு மணி நேரம் சண்டை. கடைசியில, சரி, பட்டன் வேண்டாம், ஏதாவது ஆச்சுன்னா சுவரைத் தட்டுங்க, அந்தப் பக்கம் தோகியே அக்கா இருக்காங்கன்னேன். அதுக்கு மட்டும் சரின்னார்."

தோகியே கையிலிருந்த கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"எப்படிச் சொல்றது? எங்கப்பா தட்டினா ஓடி வாங்கன்னா? உங்க தலையில பாரத்தை ஏத்தி வச்ச மாதிரி ஆயிடும். உங்க வீட்டு அண்ணன் போனப்புறம் நீங்களே தனியா இருக்கீங்க. அப்பாவும், 'அவங்ககிட்டச் சொல்லிக் கில்லி வைக்காதே, தட்டினா வரப் போறாங்க'ன்னுட்டார்."

தெருவில் யாரோ பயணப் பெட்டியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் ரொக்காக்குத் தெரு முனைவரைக்கும் கேட்டு அடங்கியது.

"அப்பா தட்டலை" என்றாள் சிகூசா. "தட்டியிருந்தா நீங்க வந்திருப்பீங்க. தட்டலைன்னா நினைவு இல்ல. விழுந்த உடனே நினைவு போயிடுச்சு. இருபத்தொன்பது மணி நேரம்கிறது உடம்புக்கு. அப்பாவுக்கு இல்ல. அப்படித்தானே அக்கா?"

தோகியே கெட்டிலை எடுத்து, நிரம்பியிருந்த குவளையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். விளிம்பில் தேநீர் தளும்பி நின்றது.

"நாளைக்கு எத்தனை மணிக்குச் சடங்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு. ஏழாம் நாள் ஆச்சு இல்ல. முடிச்சுட்டு நாளை மறுநாள் கிளம்பறேன்."

அவள் போனபின் தோகியே வெகு நேரம் முன்நடையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தட்டல் கேட்டது. திங்கட்கிழமை ஆறேகாலுக்கு முதல் முறை. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குக் கடைசி முறை. இடையில் எத்தனை முறை என்று அவள் எண்ணவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் பதினேழோ பதினெட்டோ வருகிறது.

மூன்று வீடுகள் ஒரே கூரையின் கீழ் நீளமாக இருந்தன. இந்த ஓரம் தோகியே, நடுவில் குசகாபே, அந்த ஓரத்து வீடு நான்கு வருடம் முன்பு கைமாறிப் பயணிகள் தங்கும் விடுதியாகிவிட்டது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர். மூங்கில் தட்டியின் மேல் வைக்கோல் கலந்த மண்ணைப் பூசியது. தும்மினால் கேட்கும். சோற்றுப் பானையின் மூடியை வைத்தால் கேட்கும். ஆனால் சுவர் வழியாக வந்தது எதுவும் வந்ததாக ஆகாது. அது எழுதி வைத்த சட்டம் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தருவதும் இல்லை.

கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் தோகியே ஒரு தவறு செய்தாள். பக்கத்து வீட்டில் குசகாபேயின் மனைவி நான்கு நாளாக இருமிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் காலை தோகியே இஞ்சியும் தேனும் காய்ச்சி ஒரு சீசாவில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எவ்வளவு அக்கறை, எவ்வளவு அக்கறை என்று மூன்று முறை குனிந்து வணங்கினாள். அன்றிலிருந்து இருமல் சத்தம் நின்றுவிட்டது. இருமல் நிற்கவில்லை. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமுவது சுவர் வழியாகத் தெரிந்தது. மார்ச் மாதம்வரை அப்படித்தான் இருமினாள்.

அதற்குப் பிறகு தோகியே எதையும் கேட்டதில்லை. அந்த அம்மாள் இறந்த வருடம் குசகாபே தினமும் மாலையில் ஒரு மணி நேரம் அழுதார். அடுத்த நாள் காலை வாசலில் பார்க்கும்போது, இன்றைக்குக் காற்று நன்றாக இருக்கிறது என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை வந்த போலீஸ்காரர் இளைஞர். ஒசாகாப் பக்கத்துப் பேச்சு. குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, "திங்கள், செவ்வாயில வழக்கத்துக்கு மாறா ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?" என்றார்.

"இல்லைங்க. அமைதியாத்தான் இருந்துச்சு" என்றாள் தோகியே.

அமைதியாக இருந்தது உண்மைதான். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மாலை ஐந்து மணிக்கு நிஷிகோரி வந்தார். எதிர் வீடு. எழுபத்தெட்டு வயது. தெருச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக அவர்தான் தலைவர், வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால். வீடு வீடாகச் சுற்றி வரும் அறிவிப்புப் பலகையைக் கையில் வைத்திருந்தார். அது அன்று அவள் வீட்டுக்கு வர வேண்டிய நாள் இல்லை.

"என்ன வெயில், என்ன வெயில். தோகியே-சான், உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது சரியில்லை என்று புரிந்து விசிறியால் வாயை மூடிக்கொண்டார்.

"உக்காருங்க ஐயா."

"இல்ல, இல்ல, நிக்கறேன். உடனே போகணும்." உட்கார்ந்தார். "சிகூசா வந்துட்டுப் போனா போல."

"வந்தா."

"நிகாட்டாவுல முப்பது வருஷம். வாய் அந்த ஊர் வாயாவே ஆயிடுச்சு. காலைல என்கிட்ட வந்து, 'மாமா, நாலு நாளா ஏன் யாருமே எட்டிப் பார்க்கலை'ன்னு நேருக்கு நேரா கேக்கறா. இந்தத் தெருவுல பொறந்த பொண்ணு கேக்கிற கேள்வியா அது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் கொஞ்சம் தேநீர் வேணுமான்னு கேட்டேன்."

தோகியேவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. விசிறியை இரண்டு முறை விரித்து மூடினார்.

"அந்தப் பக்கம் விடுதி. அந்த வாரம் பூட்டிக் கிடந்துச்சு, இந்த வெயில்ல எவன் வருவான். எதிர்ல நான். இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது, ஊருக்கே தெரியும். என் சம்சாரம் இருபது வருஷமா அதைச் சொல்லித்தானே என்னைத் திட்டினா, அதுவும் எனக்குக் கேக்கலை. இந்தப் பக்கம்…"

அவர் முடிக்கவில்லை. தோகியே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பை எடுக்கும் நாள் மாறியிருப்பதாக அதில் எழுதியிருந்தது.

"நீங்க திங்களும் செவ்வாயும் ஃபுஷிமியில உங்க தங்கச்சி வீட்டுல இருந்தீங்க இல்ல?"

"இல்லையே. இங்கதான் இருந்தேன்."

"அங்க இருந்தீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு மூணு பேருகிட்ட அப்படியே சொல்லியும் தொலைச்சுட்டேன். வயசாச்சு பாருங்க, ஞாபகப் பிசகு."

"போலீஸ்கிட்ட வீட்லதான் இருந்தேன்னு சொல்லிட்டேன் ஐயா."

"அவங்க எழுதறதை எவன் படிக்கிறான்."

தெருவில் நிழல் நீண்டிருந்தது. எதிர் வரிசைக் கோயில் மரத்திலிருந்து இளஞ்சிவப்புப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. ஆகஸ்ட் முழுவதும் அவை உதிரும். காலையில் அவரவர் வாசலைப் பெருக்கும்போது பக்கத்து வாசலில் ஒரு அடியும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மனசில்லாதவர்கள். அதற்கு மேல் போனால், உன் வாசலை நீ பெருக்குவதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தோகியே ஒரு அடியோடு நிறுத்தினாள். அதற்கு அப்பால் பூக்கள் கோடு கிழித்த மாதிரி சேர்ந்துகொண்டே போயின.

"வியாழக்கிழமை காலைல நான் மாடியில பல் தேய்ச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் நிஷிகோரி. குரல் தணிந்திருந்தது. "நீங்க பெருக்கிக்கிட்டு இருந்தீங்க. ஒரு அடி வந்துச்சு. நின்னீங்க. அப்புறம் அவர் வாசல் முழுக்கப் பெருக்கினீங்க. அதுக்கப்புறம்தான் பேப்பர் துருத்திக்கிட்டிருக்குன்னு என்னைக் கூப்பிட வந்தீங்க."

"ஆமா."

"முப்பத்தொன்பது வருஷம். ஃபுஷிமிக்காரிக்கு என்ன தெரியும்னு ஆரம்பத்துல சிரிச்சவங்ககூட, துடைப்பம் பிடிக்கத் தெரிஞ்சவன்னு ஒத்துக்கிட்டாங்க. ஒரு நாளும் ஒரு அடி தாண்டினதில்ல நீங்க. அன்னைக்கு ஏன் தாண்டினீங்கன்னு நான் கேக்கலை."

"கேக்காதீங்க."

"அதான் கேக்கலைங்கறேன்." அவர் எழுந்தார். முழங்கால் இரண்டும் சொடுக்கின. "போனவர் வரப் போறதில்ல. அந்தப் பொண்ணு ரயிலேறிடும். இங்க இருக்கப் போறது நீங்கதான், நானும்தான். அவ ஏதோ ஒண்ணை நம்பிக்கிட்டுப் போறா. நம்பிக்கிட்டே போகட்டுமே."

அறிவிப்புப் பலகையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று தோகியே சமைக்கவில்லை. குளிர்ந்த சோற்றில் தேநீரை ஊற்றிக் கரைத்துக் குடித்தாள். நிஷிகோரி சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. சிகூசா ஒரு கேள்வி கேட்டு அதற்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பதிலை மறுக்காமல் இருந்தால் போதும். இன்னும் ஒன்றரை நாள். பிறகு பக்கத்து வீடும் பூட்டிக் கிடக்கும், கொஞ்ச நாளில் அதுவும் விடுதியாகும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து இரண்டு நாள் தங்கிப் போவார்கள். பேப்பர் எடுக்கும் சத்தம் இருக்காது. தான் மட்டும் இந்தப் பக்கம் இருக்கப் போவதை அவள் யோசித்துப் பார்த்தாள். அறுபத்து மூன்று வயது. அவள் அம்மா தொண்ணூறுவரை இருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிகூசா வந்தாள். வாசலில் நின்று குரல் கொடுக்கும் வழக்கத்தை அவள் மறந்தே போயிருந்தாள். கதவை இழுத்துத் திறந்துகொண்டு முன்நடையில் வந்து நின்றாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கையில் குப்பை அள்ளும் முறம்.

"அக்கா, இது என்னன்னு பாருங்க."

முறத்தில் மஞ்சள் மண். கட்டியும் தூளுமாக. இடையில் வைக்கோல் துணுக்குகள்.

"மண்ணு."

"சுவர் மண்ணு. உள்ளறையைப் பெருக்கறேன், பாயோரத்துல பூரா இது. மேல எங்கயாவது உதிருதான்னு பார்த்தா இல்ல. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துல. என் உள்ளங்கை அகலத்துக்கு. மூங்கில் தெரியுது."

"பழைய வீடு. எங்க வீட்லயும் அங்கங்க உதிருது."

"அப்பா கிடந்த இடத்துல மட்டும் உதிருமா?"

தோகியே முறத்திலிருந்து ஒரு வைக்கோல் துணுக்கை எடுத்தாள்.

"முதுகு சொறியற மூங்கில் குச்சி அப்பா கையில இருந்துச்சுன்னு போலீஸ்ல சொன்னாங்க. எதுக்கு அதைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தார்னு எனக்குப் புரியவே இல்ல. குச்சி நுனியில மஞ்சளா இருக்கு. இப்பத்தான் பார்த்தேன்." அவள் முறத்தைப் படியில் வைத்தாள். மண் சிந்தாமல், மெதுவாக வைத்தாள். "தட்டியிருக்கார் அக்கா. நினைவு இருந்திருக்கு. உள்ளங்கை அகலத்துக்கு மண் விழணும்னா எத்தனை தடவை தட்டியிருக்கணும்?"

"சிகூசா, உக்காரு."

"உக்கார முடியலை. நான் உங்களைத் தப்பா நினைக்கலை. ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். அது இந்தப் பக்கம் கேக்குமா, கேக்காதா. நீங்க உங்க உள்ளறையில போய் நில்லுங்க. நான் அங்கிருந்து அதே குச்சியால தட்டறேன். அப்பா மாதிரி படுத்துக்கிட்டே தட்டறேன். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்."

வேண்டாம் என்று சொல்லத் தோகியேவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவள் உள்ளறைக்குப் போனாள். சன்னல் வழியாகப் பின்கட்டின் சிறிய தோட்டம் தெரிந்தது. கல் தொட்டியில் தண்ணீர் அடியோடு வற்றியிருந்தது. பக்கத்து வீட்டில் கதவு நகரும் சத்தம், காலடிச் சத்தம், பிறகு பாயில் ஒரு உடம்பு சாயும் சத்தம்.

தட்டல் வந்தது. மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. உலர்ந்த, மெல்லிய சத்தம். சிகூசாவின் கையில் பலம் இருந்தது, அவர் தட்டியது இதைவிட மெதுவாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு தட்டலுக்கு நடுவில் நீண்ட நேரம் ஆனது. அவை இரண்டும் ஒன்றைச் சேர்ந்தவையா, தனித்தனியா என்றுகூடச் சொல்ல முடியாது.

பத்து முறை தட்டினாள் சிகூசா. பத்தாவது முடிந்தபின்தான் தோகியே தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தாள்.

சிகூசா வந்தாள். இந்த முறை முன்நடையில் நிற்கவில்லை. செருப்பை உதறிவிட்டு நேராக உள்ளறைவரைக்கும் வந்துவிட்டாள். இந்த அறைக்குள் அக்கம்பக்கத்தார் யாரும் வந்தது கிடையாது.

"கேட்டுச்சா?"

"இல்லை."

"கொஞ்சம்கூடவா?"

"ஒண்ணுமே கேக்கலை."

சொல்லிவிட்டாள். எளிதாகத்தான் இருந்தது. இனி அந்த முகம் தளரும், அழுவாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவாள் என்று தோகியே காத்திருந்தாள்.

சிகூசா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அப்போ நான்தான்" என்றாள்.

"என்ன?"

"சுவரைத் தட்டுங்கன்னு சொன்னது நான். பட்டன் வேண்டாம்னு அவர் சொன்னார், நானும் சரின்னு விட்டேன். ஏன் விட்டேன்? சுவர் இருக்குன்னு. இந்தச் சுவர்ல தட்டினா கேக்குமான்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தட்டிப் பார்த்தேனா? இல்ல." அவள் குரல் உயரவில்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பைப் படிப்பது போலச் சொன்னாள். "போன் எங்க இருந்துச்சு தெரியுமா? அடுத்த அறையில, குட்டை மேசையில. அவர் கிடந்த இடத்துலேருந்து அஞ்சடி. உடம்பை இழுத்துக்கிட்டுப் போயிருக்கலாம் அக்கா. கை ரெண்டும் நல்லாத்தானே இருந்துச்சு. ஆனா அவர் அந்தப் பக்கம் போகவே இல்ல. சுவர் இருக்குன்னு சுவர்கிட்டயே கிடந்திருக்கார். பொண்ணு சொல்லிட்டான்னு. கேக்காத சுவர்கிட்ட."

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

 தோகியே ஒரு கேள்விக்கு மட்டும்தான் பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள். நிஷிகோரியும் அந்த ஒரு கேள்வியைத்தான் நினைத்திருந்தார். அந்தப் பொய் இங்கே வந்து நிற்கும் என்று இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை. இந்தப் பெண் இதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவாள். இன்னும் முப்பது வருடம் தூக்கிக்கொண்டு திரிவாள்.

சிகூசா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கை தரைமேல் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது. சுவரோரமாக ஒரு நடைப்பயிற்சி இயந்திரம் இருந்தது, டீவியில் விளம்பரம் செய்து விற்பது. அதன் அடியில் தடித்த பழைய கம்பளம் ஒன்று விரித்திருந்தது. கை அதன் ஓரத்தில் இருந்தது.

"இது எங்க வீட்டுது" என்றாள்.

தோகியே நின்றுகொண்டே இருந்தாள்.

"அம்மா இஸ்திரிப் பெட்டியை வச்சுத் தீஞ்ச இடம் இது. நான் ஆறாவது படிச்சேன் அப்போ. இது எப்படி இங்க?"

"உங்கப்பா குடுத்தார். ஜூன் மாசம்."

"அப்பாவா? யாருக்கும் ஒரு பழைய துணியைக்கூடக் குடுக்க மாட்டாரே. எதுக்குக் குடுத்தார்?"

தோகியே அவளுக்கு எதிரில் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கோயிலில் மணி எதுவும் அடிக்கவில்லை, தெருவில் யாரும் போகவில்லை, பேச்சை மாற்ற ஒன்றும் வரவில்லை.

"இந்த மெஷினுக்கு அடியில போட" என்றாள். "எனக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார், வெயில்ல வெளியில போக முடியலை. தினமும் காலைல ஆறு மணிக்கு ஏறுவேன், நாப்பது நிமிஷம். திம் திம்னு சத்தம் வரும். உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலை. ஒரு நாள் இதைச் சுருட்டித் தூக்கிக்கிட்டு வந்து, வீட்ல சும்மா கிடக்கு, உங்களுக்கு ஆகுமான்னு வாசல்ல வச்சுட்டுப் போனார். எனக்கு வெக்கமாப் போச்சு. அன்னைக்கே விரிச்சேன்."

"சரி."

"போன திங்கட்கிழமை காலைல ஆறேகாலுக்கு இதுல நடந்துக்கிட்டிருந்தேன். சுவர்ல தட்டற சத்தம் வந்துச்சு."

சிகூசாவின் கை கம்பளத்தைவிட்டு எழுந்தது.

"கேக்கலைன்னீங்க."

"கேட்டுச்சு. இப்ப நீ தட்டினதும் கேட்டுச்சு, பத்துத் தடவை. இந்தச் சுவர்ல எல்லாம் கேக்கும். நீ சொன்னது தப்பில்ல, சுவர்கிட்டக் கிடந்ததும் தப்பில்ல."

"அப்போ ஏன் வரலை?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எனக்குத்தான் தட்டறார்னு நினைச்சேன்" என்றாள் தோகியே. "கம்பளம் குடுத்தும் சத்தம் குறையலை, அதைச் சொல்றார்னு. உடனே மெஷினை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்துல மறுபடி தட்டினார். என்ன சத்தம் போட்டேன்னு பார்த்தேன், ரேடியோ ஓடிக்கிட்டிருந்துச்சு. அதையும் அணைச்சேன். அப்புறம் துவைக்கிற மெஷின். அப்புறம் பாத்திரம் கழுவறப்ப தட்டினார், குழாயை மூடிட்டேன். தண்ணிச் சத்தம்கூட ஆகாதா இந்த மனுஷனுக்குன்னு கோவம் வந்துச்சு. ஆனா என்ன பண்றது, பக்கத்து வீடு. அன்னைக்கு முழுக்க விரல் நுனியில நடந்தேன். கதவைத் திறக்கலை. சமைக்கலை. ராத்திரி மாடியில போய்ப் படுத்தேன், புரண்டா கேக்குமேன்னு. செவ்வாய்க்கிழமை காலைலயும் தட்டினார். அப்போ நான் எதுவுமே பண்ணலை சிகூசா, சும்மா உக்காந்திருந்தேன். இருந்தாலும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருந்தேன். அவர் தட்டத் தட்ட, நான் இன்னும் இன்னும் இல்லாம போனேன்."

சிகூசா சுவரைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒன்பது மணிக்கு நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. புதன்கிழமை காலைல பயந்துகிட்டேதான் இதுல ஏறினேன். முழுசா நாப்பது நிமிஷம் நடந்தேன். அவர் தட்டவே இல்ல. சமாதானம் ஆயிட்டார்னு நினைச்சேன்."